ரிலீவர் வரும் வரை

என் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பார்த்தது என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. இதைச் சொன்னால் இருவரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும்.

அப்பா சவரிராஜ் நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டுக்கு ஆபரேட்டர். அம்மா லூசியம்மாள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிஃப்ட். அவர் பகலில் போனால் இவளுக்கு நைட் டியூட்டி. இவள் பகலுக்கு மாறினால் அவர் இரவுக்கு மாறியிருப்பார். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்நேரமும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் சத்தம் போடாதே என்று என்னை அதட்டிக்கொண்டிருப்பார். நான் பிறந்தபோது அப்பா மைன்ஸில். நான் நடந்தபோது அம்மா வார்டில். பள்ளி ஆண்டு விழாவில் நான் மீன் வேஷம் போட்டு ஆடி, பாதியில் வால் கழன்று விழுந்து, மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்தவர் அப்பா மட்டும். அவர் வந்து நடித்துக் காட்டித்தான் அம்மாவுக்குத் தெரியும்.

கைக்குழந்தையாக இருந்தபோது என்னைக் கைமாற்றியதே கம்பெனி பஸ் ஸ்டாப்பில்தானாம். அம்மா டியூட்டி முடிந்து இறங்குவாள், அப்பா ஏறுவதற்கு என்னைத் தூக்கிக்கொண்டு நிற்பார். “பால் குடிச்சிட்டா. லேசா சளி இருக்கு. ராத்திரி பூரா காலை ஆட்டிகினு முழிச்சிகினு இருந்தா.” இவ்வளவுதான். சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வரும் ரிலீவரிடம் சார்ஜ் ஒப்படைக்கிற மாதிரியே என்னையும் ஒப்படைத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிடுவார். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அத்தை இன்றைக்கும் சொல்வாள், “உங்கப்பனும் ஆத்தாளும் குடும்பம் நடத்தினதே பஸ் ஸ்டாப்புலதான்டி.”

இப்படி வளர்ந்த நான் கடல் உயிரியல் படித்து, மாலத்தீவில் ஒரு டைவிங் கப்பலில் கைடாக வேலைக்குச் சேர்ந்தேன். சின்னக் கப்பல்தான். வருகிறவர்கள் ஒரு வாரம் அதிலேயே தங்கி, சாப்பிட்டு, தூங்கி, நாளுக்கு மூன்று தடவை சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். அவர்களுக்கு வழி காட்டி, பார்க்க வேண்டியதைக் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. அம்மா எங்கள் பிளாக்கில் எல்லோரிடமும், “பாப்பா தண்ணிக்குள்ள கண்டக்டரா இருக்குறா” என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது ஒன்றும் அவ்வளவு தப்பில்லை.

அம்மா முதலில் ரிட்டயர் ஆனாள், அடுத்த வருடம் அப்பா. நான் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். இரண்டு பேரையும் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரே ஒரு அதிசயத்தையாவது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. அப்பா கிணற்றில் குதித்துப் பழகியவர். அம்மா ஒரு வருடம் டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்தில் போய்க் கற்றுக்கொண்டாள். பிறகு புதுச்சேரியில் டைவிங் பழகி, டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கி, இருவரும் ஒரே நிறத்தில் ரெண்டு பெட்டியோடு மாலே விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அம்மாவின் பெட்டியில் பாதி முந்திரிப் பருப்பு.

விதி அங்கேயும் ஷிஃப்ட் போட்டுவிட்டது.

முதல் நாள் ஆனைத் திருக்கைகள் வந்தன. பாய் விரித்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் போயின. அம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டதால் அவள் மேலேயே இருந்துவிட்டாள். மறுநாள் திமிங்கலச் சுறா வந்தது. அன்றைக்கு அப்பாவுக்கு வயிறு புரட்டி, வாளியோடு படுத்திருந்தார். இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில் பார்த்தவர் சொல்ல, பார்க்காதவர் கேட்டார். அப்பா எழுந்து நின்று கையை விரித்துத் திருக்கையாகவே பறந்து காட்டினார். அம்மா வாயைப் பிளந்து சுறாவானாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

மூன்றாம் நாள் காற்று கிளம்பியது. வெளியே அலை பெரிதாக இருந்ததால் கேப்டன் கப்பலை ஒரு பவளத் திட்டின் மறைவில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் மாலத்தீவுக்காரர், அதிகம் பேச மாட்டார். “காற்று அடங்கும் வரை இங்கேதான்” என்று மட்டும் சொன்னார். ஆழம் குறைந்த இடம், பெரிதாக எதுவும் இருக்காது என்று விருந்தினர்கள் முகம் சுளித்தார்கள். எல்லோரையும் சமாதானம் செய்ய நானும் இன்னொரு கைடான மணிமாறனும் கும்பலாக இறக்கிக்கொண்டு போனோம்.

அங்கேதான் அந்த முட்டைகளைப் பார்த்தேன்.

விரல் விரலாகக் கிளைத்த பவளத்தின் இடுக்குக்குள் கணவாய் இட்டுவிட்டுப் போன முட்டைகள். நம் ஊர் மீன்காரர்கள் ஓட்டுக் கணவாய் என்று விற்பார்களே, அந்த இனம். ஒவ்வொன்றும் சின்ன எலுமிச்சை அளவு. இட்ட புதிதில் வெள்ளையாக இருப்பவை பொரிக்கும் காலம் நெருங்க நெருங்க வெந்த ஜவ்வரிசி மாதிரி தெளிந்துவிடும். இவை தெளிந்திருந்தன. உள்ளே குட்டிகள் தெரிந்தன. கட்டைவிரல் நகம் அளவுக்கு உடம்பு, அதில் இரண்டு பெரிய கண். அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் உள்ளே இருந்தது திடுக்கிட்டுப் பழுப்பிலிருந்து வெள்ளையானது. முட்டைக்குள்ளிருந்தே நிறம் மாற்றியது!

நாலைந்து முட்டைகள் கிழிந்து காலியாகக் கிடந்தன. அப்படியென்றால் பொரிப்பது தொடங்கிவிட்டது. அது பெரும்பாலும் இருட்டிய பிறகு நடக்கும். பகல் வெளிச்சத்தில் பார்த்தவர்கள் குறைவு. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. இதுதான், இதைத்தான் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று என் மனம் குதித்தது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சிலிண்டரில் காற்று குறைய, கட்டை விரலை உயர்த்தி எல்லோருக்கும் மேலே போகச் சைகை காட்டினேன். எல்லோரும் கிளம்பினார்கள். அப்பா கிளம்பவில்லை.

மறுபடி காட்டினேன். தலையை ஆட்டினார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். முட்டையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய காற்று மீட்டரைப் பார்த்தேன், முள் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் பட்டையைப் பிடித்து, சந்தைக்கு ஆட்டை இழுக்கிற மாதிரி அவரை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

தளத்தில் ஏறியதும் வெடித்தேன். “அப்பா, உங்களுக்கு இன்னா பைத்தியமா? காத்து தீர்ந்தா என்ன பண்ணுவீங்க?”

அவர் நிதானமாக மாஸ்க்கைக் கழற்றினார். “ரிலீவர் வர்லயேம்மா.”

“இன்னாது?”

“அங்க யாருமே இல்ல. ரிலீவர் வராம எப்படிம்மா எடத்த விட்டுட்டு வர்றது? எத்தினி வருசமா வேல பாத்திருக்கேன், ஒரு நாளாச்சும் பெல்ட்ட அம்போன்னு விட்டுட்டு வந்திருக்கேனா?”

“இது கன்வேயர் இல்லப்பா!”

“கன்வேயர்னாகூட கிழிஞ்சா ஒட்டிக்கலாம். இது நாம இல்லாதப்போ பொரிச்சிகினு போயிட்டா இன்னா பண்ணுவ?”

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, “அவர் சொல்றதும் ஞாயந்தானே” என்றாள். இந்த மாதிரி நேரங்களில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

கேப்டன் சிரிக்கவில்லை. கைடு சொல்லி மேலே வராத ஆளை அவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். என் முகத்துக்காக ஒரு விதியோடு விட்டார். இனி அப்பா என் கை எட்டும் தூரத்தில் மட்டுமே இறங்கலாம், வேறு புது ஆள் யாரும் அந்தக் குழுவில் வரக் கூடாது. அம்மாவும் புது ஆள், அதனால் அவள் மணிமாறனோடு போக வேண்டும். இனி கைடு ஒருவர் எப்போதும் கப்பலில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார், அதனால் நானும் மணிமாறனும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. ஆக, அப்பா தண்ணீரில் இருந்தால் அம்மா கப்பலில். அம்மா தண்ணீரில் இருந்தால் அப்பா கப்பலில். நான் எதற்காக இவர்களைக் கடல் கடந்து கூட்டி வந்தேனோ, அது அந்த ஒரு மணி நேரத்தில் கெட்டது.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. சாயங்கால டீயோடு தளத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் ஒன்றாய் இறங்கி ஒன்றாய் ஏறினால் நடுவில் யாருமே பார்க்காத நேரம்தான் அதிகம். ஆகவே ஷிஃப்ட் போட வேண்டும். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட். ஒரு செட் ஏறுவதற்குள் அடுத்த செட் இடத்துக்கு வந்துவிட வேண்டும். எந்த முட்டை எப்படி இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிருந்த இத்தாலியக் கணவன் மனைவிக்கு ஒரே கொண்டாட்டம். அந்த அம்மாள் சி ஷிஃப்ட் எனக்கு என்று கை தூக்கினாள்.

“கைமாத்துறப்ப ரெண்டு கைடும் கீழ இருப்பீங்களே. அந்தப் பத்து நிமிசம் மேல யாரு?” என்றார் அப்பா. பிறகு அவரே கேப்டனைப் பார்த்தார். கேப்டனும் கைடு லைசென்ஸ் வைத்திருப்பவர்தான். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பத்து நிமிடம் நான் நிற்கிறேன்” என்றார். கடைசியில் அவருக்கும் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது.

எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவைத் தனியாகக் கப்பலின் பின்பக்கம் கூட்டிப் போனேன். “ஏம்மா, உன்ன ஒரு ஷிஃப்ட்லயும் அவர ஒரு ஷிஃப்ட்லயும் அவரே போட்டுகினு இருக்காரு. நீ பாட்டுக்கு தலைய ஆட்டுற?”

“யாருனா ஒருத்தர் பாத்தா போதும்டி. பாத்தவங்க சொல்லப்போறாங்க.”

“சொல்றதக் கேக்கவா உங்களக் கூட்டியாந்தேன்?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. “சின்ன வயசுலேர்ந்து இதேதான். எனக்கு எது நடந்தாலும் ஒருத்தர்தான் இருப்பீங்க. இன்னொருத்தருக்குச் செய்தி வரும்.”

அம்மா என் ஈரத் தலையைத் தன் துண்டால் துடைத்தாள். “உங்கப்பா சொல்றப்ப அவரு மூஞ்சப் பாத்திருக்கியா நீ? அந்த மீன் டான்ஸை அவரு ஆடிக் காட்டினப்ப நான் சிரிச்ச சிரிப்புல ராஜாம்பா கதவத் தட்டிட்டா. நேர்ல பாத்திருந்தா அவ்ளோ சிரிச்சிருப்பேனான்னு தெரியல.” துண்டைப் பிழிந்து கம்பியில் போட்டாள். “ஆனா பக்கத்துல நின்னு பாக்கணும்னு எனக்கும் ஆச இருக்காதா? இருக்குதான். அதுக்கு இன்னா பண்றது?”

நான் போய் மறுநாளுக்கான சிலிண்டர்களை நிரப்ப ஆரம்பித்தேன்.

அந்தக் காற்றில் இரவில் இறங்கக் கேப்டன் விடவில்லை, மறுநாள் காலைதான் ஷிஃப்ட் ஆரம்பமானது. முதலில் நானும் அப்பாவும் போனோம். பவளத்துக்கு எதிரில் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கண் இமைக்கவில்லை, கூட வந்த அழகான மீன்கள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் நேரம் முடிகிற சமயத்தில் மணிமாறனோடு அம்மா இறங்கி வந்தாள். அப்பா அவளைக் கையைப் பிடித்து இடத்தில் உட்கார வைத்தார். மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுக்குக் கையைச் சுழற்றினார், உள்ளே புரள்கிறது என்று அர்த்தம். ஒன்றுக்குக் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தார், தூங்குகிறது. அம்மா தன் நெஞ்சைத் தொட்டாள், சார்ஜ் எடுத்துக்கொண்டாயிற்று. அப்பா அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபேச்சில்லாமல் என்னோடு மேலே வந்தார். முந்தின நாள் அடம் பிடித்த அதே மனிதர்! என் கண்ணில் அப்போது பஸ் ஸ்டாப்தான் தெரிந்தது.

அம்மா ஷிஃப்டில் ஒன்றும் நடக்கவில்லை. இத்தாலியர் ஷிஃப்டிலும் நடக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அம்மா போனாள். காற்று தணிந்துவிட்டது, சாயங்காலம் கப்பலை எடுத்துவிடுவேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அடுத்தது அப்பா. அதுதான் கடைசி ஷிஃப்ட்.

நாங்கள் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. அம்மா இரண்டு கையையும் ஆட்டி அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் துடுப்புக் காலை உதைத்து என்னை முந்திக்கொண்டு போனார். அம்மா ஒரு முட்டையை மட்டும் விரலால் காட்டினாள். காலையில் புரள்கிறது என்று அவர் காட்டிக் கொடுத்த அதே முட்டை. அது உப்பியிருந்தது. உள்ளே குட்டி சுற்றிச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தது.

அப்பா தன் நெஞ்சைத் தொட்டார். சார்ஜ் எடுத்துக்கொண்டாயிற்று. அம்மாவின் தோளைத் தட்டினார்.

அம்மா நகரவில்லை.

மறுபடி தட்டினார். அம்மா தலையை ஆட்டினாள். இத்தனை வருடத்தில் அப்பா வந்த பிறகும் அம்மா நின்றது அதுதான் முதல் தடவை. அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள், அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். மணிமாறன் என்னைப் பார்த்தான். அவன் குழுவை இப்போது மேலே கொண்டுபோக வேண்டும். நான் அம்மாவின் காற்று மீட்டரைப் பார்த்தேன். ஆழமில்லாத இடத்தில் மெதுவாக மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்ததால் இன்னும் நிறையவே இருந்தது. கேப்டன் கொடுத்த பத்து நிமிடமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன்.

முட்டையின் தோல் கிழிந்தது.

அப்பாவின் மூச்சுக் குமிழி நின்றுவிட்டது. மூச்சை அடக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவர் முதுகில் ஒரு குத்து விட்டேன். குமிழிகள் மொத்தமாகக் கிளம்பின. அம்மா அவர் கையை விடவில்லை. அவர் விரல்கள் அவள் பிடியில் வெளுத்துப்போயிருந்தன. தண்ணீருக்குள் யாராலும் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது, இருவரும் பார்த்தே ஆக வேண்டும். அப்பா வாயிலிருந்த குழாயோடு சிரித்து, மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறி, அதைச் சரிசெய்யக்கூட மனமில்லாமல் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ கத்தினாள், எனக்குக் குமிழிச் சத்தம்தான் கேட்டது. ஒரு சின்ன மைப் புகை அவள் மாஸ்க்குக்கு நேராக வந்து கலைந்தது. பிறந்த பிள்ளைக்கு அதற்குள் கோபம்! அம்மாவின் விரல் அடுத்த முட்டைக்குத் தாவியது. அவள் அவரைப் பார்க்க, அவர் அவளைப் பார்க்க, இருவரும் மறுபடி முட்டையைப் பார்த்தார்கள்.

மேலே வந்து தளத்தில் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். சொல்வதற்கு வாயைத் திறந்தார்கள். ஆனால் யாருக்குச் சொல்வது? அப்பா, “பாத்தியா லூசி?” என்றார். அம்மா, “பாத்தேங்க. நீங்க பாத்தீங்களா?” என்றாள். “பாத்தேன்.” அவ்வளவுதான். பிறகு இருவரும் விக்கி விக்கிச் சிரித்தார்கள். இத்தாலிய அம்மாள் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

போன வாரம் லீவில் நெய்வேலிக்கு வந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வடலூர் பக்கம் கட்டிய வீட்டுக்குப் பாதிச் சாமான் போய்விட்டது. மீதிச் சாமான் நடுவில் ராஜாம்பாள் அத்தை பலாச்சுளைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். “அந்த முட்ட கதைய இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்று அவள் ஆரம்பித்து வைத்தாள்.

“மொதல்ல தலதான் வெளிய வந்திச்சி” என்றாள் அம்மா.

“எங்க தல வந்திச்சி? பின்பக்கமா வால ஆட்டிகினு வந்திச்சி” என்றார் அப்பா.

“உங்க மாஸ்க்குல தண்ணி. உங்களுக்கு இன்னா தெரிஞ்சிது?”

“ஒரு கண்ணால பாத்தாலும் ஒழுங்காப் பாத்தேன். வந்த ஒடனே செவப்பாச்சி.”

“செவப்பா? பளிச்சுனு வெள்ள!”

அத்தைக்குச் சுளை வாய்க்குப் போகவில்லை. இத்தனை வருடமாக அந்த வீட்டில் ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் சண்டை போட்டு அவள் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அந்தச் சண்டை தேனாக இனித்தது. இன்னும் போடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு சுளை சாப்பிட்டேன்.

“பாப்பாவ கேளு. அவ பக்கத்துலதான இருந்தா, அதுக்குன்னே படிச்சவ” என்று அப்பா என் பக்கம் திரும்பினார். “சொல்லும்மா, தலயா வாலா?”

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாதுப்பா. தோலு கிழிஞ்சப்புறம் நான் முட்டையப் பாக்கல.”

“இத்தினி வருசமா பாக்கணும் பாக்கணும்னு இருந்தியே. பாக்காம வேற எங்க பாத்த?” என்றாள் அம்மா.

“உங்க ரெண்டு பேரத்தான் பாத்துகினு இருந்தேன்” என்றேன்.